அலைக்கிறேன்

ஜூன் 20

அன்புள்ள உங்களுக்கு,

நலம். பள்ளி திறந்துவிட்டது. நாட்டுக்குப் போன வருடமே வந்த சுதந்திரம் எங்கள் வகுப்புக்கு இப்போதுதான் வந்து சேர்ந்தது. எட்டாம் வகுப்புக்கு இனி விஞ்ஞானம் நம் மொழியில். புத்தகம் இன்னும் அச்சகத்தை விட்டு வரவில்லை. நானே மொழிபெயர்த்துக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன்.

நேற்று அமிலம் நடத்தினேன். கடைசி பெஞ்சுக்காரி எழுந்து, "எலுமிச்சம்பழத்துல இருக்கிறதும் அமிலந்தானா டீச்சர்? அதான் எங்கம்மா தேய்ச்சா பித்தளை பளபளன்னு ஆகுதா?" என்றாள். இத்தனை வருடம் நம்மை ஆண்டவர்களின் மொழியில் இதே பாடத்தை நடத்தினேன். ஒப்பித்தார்கள், ஒருத்தியும் கேட்டதில்லை. அப்புறம் வகுப்பில் ஒரே கூச்சல். தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், சந்தைக்கடையா?" என்றார். "வியாபாரம் நல்லா நடக்குதும்மா" என்றேன்.

இதை உங்களிடம் முழு மனதாகச் சந்தோஷப்பட்டுச் சொல்லவும் முடியவில்லை. அந்த மொழிப் பாடத்தைப் போன வருடமே எடுத்துவிட்டதால்தானே அதைக் கற்பித்த உங்களுக்கு இங்கே வேலை இல்லாமல் போனது, கடல் தாண்டிப் போனீர்கள்.

ஒரு குறை. நீங்கள் அந்த மொழியில் "அன்பே" என்று எழுதும்போது, பாடப்புத்தகத்தில் யாரோ யாருக்கோ எழுதியது போலிருக்கிறது. நம் மொழியில் எழுதுங்களேன். பிழை வந்தால் வரட்டும்.

உங்கள்
டீச்சரம்மா

ஜூலை 14

என் டீச்சரம்மாவுக்கு,

சின்ன வயதிலிருந்து அவர்கள் மொழியிலேயே படித்தவன். நம் எழுத்தை எழுதிப் பல வருடம் ஆகிறது. சிரிக்காதே.

இங்கே பல்லி பெரியது. தோட்டமும் உண்டு. பில்லைகள் மரியாதையாக இருக்கிறார்கள். மலை விடாமல் பெய்கிறது. எனக்கு இரண்டு அறை வீடு. ஒரு அறையில் மட்டும்தான் விலக்கு ஏற்றுகிறேன்.

உனக்கும் இங்கே வேலை தருவார்கள், அவர்கள் மொழியில் கற்பிக்க. உன்னை அலைக்கிறேன். வருவாயா?

உன்
மாஸ்டர்

ஆகஸ்ட் 2

அன்புள்ள உங்களுக்கு,

"இங்கே பல்லி பெரியது. தோட்டமும் உண்டு." ஆசிரியர் அறையில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கணக்கு டீச்சர், "மாஸ்டர் அங்க பல்லிக்கா பாடம் எடுக்கறார்?" என்று கேட்டவர் இன்னும் விடவில்லை.

கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கடிதம் பரீட்சைத் தாள்களுக்கு நடுவே கிடந்ததா, கை தன் பாட்டில் சிவப்பு மையில் திருத்திவிட்டது. வீணாக்குவானேன் என்று இதோடு அனுப்பியிருக்கிறேன். பள்ளி, பிள்ளைகள், விளக்கு எல்லாவற்றுக்கும் ளகரம். மழைக்குச் சிறப்பு ழகரம். அலைக்கிறேன் என்றால் அலைய வைப்பது; அழைக்கிறேன் என்று வர வேண்டும். மற்றபடி நல்ல முயற்சி.

புத்தகம் வந்துவிட்டது. மூன்றாம் பாடத்தில் படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது.

உங்கள்
டீச்சரம்மா

செப்டம்பர் 9

டீச்சரம்மாவுக்கு,

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதில் பிழை இருக்காது.

எத்தனையோ பிள்ளைகளின் தாளில் சிவப்பு மை போட்டிருக்கிறேன். வாங்கினவனுக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. போகட்டும், சரியாகத்தான் திருத்தியிருக்கிறாய். ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். அதன் பக்கத்தில் மட்டும் நீ ஒன்றும் போடவில்லை. சரியும் இல்லை, தப்பும் இல்லை.

இன்னும் ஐந்து வருடம் இருக்கச் சொல்லி ஒப்பந்தம் நீட்டுகிறார்கள். திரும்பி வந்து நான் என்ன செய்வேன்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட என் ளகரத்தைப் பார்த்துச் சிரிக்கும்.

வருவாயா?

மாஸ்டர்

அக்டோபர் 1

அன்புள்ள உங்களுக்கு,

கேள்வியைப் பார்க்காமல் இல்லை. பார்த்ததால்தான் எழுத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

என்னால் வர முடியாது. அங்கே வந்தால் மறுபடி அவர்கள் மொழியில் நடத்த வேண்டும். பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இந்தக் கூச்சலைக் கேட்டபின் அந்த அமைதிக்கு என்னால் திரும்ப முடியாது. உங்களை வாருங்கள் என்று கூப்பிடவும் வாய் வரவில்லை. ஆசிரியர் அறையில் நீங்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை பார்த்தது போதும். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

பள்ளி விட்டதும் அதே பேருந்தில்தான் வருகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துவிடுவேன். மேல் வகுப்பை முடித்துவிட்டு ஓடி வந்து ஏறுவீர்களே, அந்தப் பழக்கம். நேற்று நல்ல கூட்டம். கைக்குழந்தையோடு ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"யாராச்சும் வர்றாங்களா?"

"இல்லம்மா, உக்காருங்க" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உங்கள்
டீச்சரம்மா