ஆறு மாகாணி

1943 ஜூலை 12, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். மலைப் பக்கம் மேகம், மழை இல்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது. சாக்பீஸ் கேட்க வேண்டும்.

நாகம்மா (ஐந்தாம் வகுப்பு, நெசவுக்காரன் கங்கையாவின் பெண்) வலது கையைப் பாவாடையில் சுற்றிக்கொண்டு வந்தாள். பிரித்துப் பார்த்தேன். இரண்டு விரல் கத்திரிக்காய் நிறம். ஒன்றில் நகமே இல்லை.

"நைனா அட்ச்சிட்டாரு டீச்சரம்மா. தறி நாடாவால."

நேற்று சாப்பிடும்போது கங்கையா கேட்டிருக்கிறான், ஆறு மாகாணி எவ்வளவு என்று. மாகாணி பதினாறில் ஒன்று. இவள் பலகையில் போட்டு, சுருக்கி, எட்டில் மூன்று என்றாள். நான் சொல்லிக்கொடுத்தபடி. சரியான விடை. அவன் படித்த வாய்ப்பாட்டில் அதற்குக் காலே அரைக்கால் என்று பேர். காலும் அரைக்காலும் கூட்டினால் அதே எட்டில் மூன்றுதான், முட்டாளுக்குத் தெரியவில்லை. திமிர் என்று நினைத்து, ஊடு நூல் ஓட்டும் அந்த மர நாடாவால் விரல் மேல் அடி. மறுபடி கேட்டானாம். மறுபடி எட்டில் மூன்று என்றாளாம். மறுபடி அடி.

அவன் கையை அந்தத் தறியிலேயே வைத்து நசுக்க வேண்டும். கர்த்தர் மன்னிக்கட்டும், நான் மாட்டேன்.

ஜூலை 13, செவ்வாய்
கம்பவுண்டர் கட்டுப் போட்டார். எலும்பு உடைந்திருக்கிறது. ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். பிரம்பைத் துடைத்துக்கொண்டே: "நீங்க அடிச்சிருந்தா அவன் ஏம்மா அடிக்கப் போறான்? சேக்கும்போதே சொன்னான், கண்ணு ரெண்ட உட்டுட்டு தோல உரிங்கன்னு."

பக்கத்து வகுப்பில் நாள் முழுக்கப் பிரம்புச் சத்தம். டிரெயினிங்கில் புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக்கொடு, அடிக்காதே என்றார்கள். இவர்களுக்கு யார் சொல்வது. தலைவலி.

ஜூலை 15, வியாழன்
நாகம்மா நின்றுவிட்டாளாம். "பள்ளிக்கூடத்துல ஒண்ணும் சொல்லித் தரல, தறி கத்துக்கினு கெடக்கட்டும்" என்றானாம் கங்கையா. உடைந்த விரலோடு தறியா?

சாயங்காலம் தூறலில் நேரே அவன் வீட்டுக்கு. தறிக்குழியிலிருந்து ஏறி வந்தான்.

"வாங்க டீச்சரம்மா."

"அவ சொன்னது சரிய்யா. ரெண்டும் ஒண்ணுதான்."

சிரித்தான். "பலகை இல்லாம வராதது இன்னா கணக்கு? வாத்தியாரு என்னிய கயித்துல கட்டித் தொங்க உட்டாரு. இன்னிக்கும் மறக்கல. இவளுக்கும் எலும்புல ஏத்தணும்." நாகம்மாவின் மயிரைப் பிடித்து இழுத்தான். "சொல்லுடி." நாடாவை எடுத்தான்.

குடையை ஓங்கினேன். மண்டையைப் பிளக்கும் எண்ணம்தான், பொய் எழுத மாட்டேன்.

நாடா கீழே. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். கண்ணை இறுக்கி மூடி, "ரெண்டு மாகாணி அரைக்கால், நாலு மாகாணி கால், ஆறு மாகாணி காலே அரைக்கால்..." மூச்சு விடாமல். நடுநடுவே "ஐயா, ஐயா". நாற்பது வயது ஆள். வேட்டியிலேயே மூத்திரம் போய்விட்டான்.

"அடிக்காதீங்க டீச்சரம்மா!" நாகம்மா குறுக்கே வந்து நின்றாள். குடை இன்னும் என் தலைக்கு மேலே.

நாளைக்கு அவளை அனுப்பு என்றேன். தலையாட்டினான்.

ஜூலை 16, வெள்ளி
வந்தாள். முன்வரிசை. இடது கையால் எழுதுகிறேன் என்றாள். சந்தோஷம். போர்டில் கணக்கு எழுதக் கையைத் தூக்கினேன். பலகையால் தலையை மறைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.