தடை அறிந்தவர்கள்

பல்கலைக்கழக மகளிர் விடுதி
20.1.2003

அன்புள்ள அப்பாவுக்கு,

தோத்திரம். நான் நலம். அம்மாவின் மூட்டு வலி தேவலையா? விடுதி போனில் பேசினால் வார்டன் பக்கத்திலேயே நிற்கிறார், அதனால் எழுதுகிறேன். முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள்.

ரொனால்டு மேல் பல்கலைக்கழகத்தில் புகார் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் பூ வைத்துப் பேசி முடித்த நாளிலிருந்து, அவன் என் துறையில் ஆராய்ச்சி செய்கிறானா, என்னைக் காவல் காக்கிறானா என்றே தெரியவில்லை. யாரோடு பேசினேன், ஏன் சிரித்தேன், எல்லாம் கேட்கிறான். போன செவ்வாய்க்கிழமை ஆய்வகக் கதவைத் தாழ் போட்டுவிட்டு என் மேல் கை வைத்தான். "கட்டிக்கப் போறவன்தானடி" என்றான். தள்ளிவிட்டேன். அறைந்தான். கழுத்தைப் பிடித்தான். என் அறைத்தோழி நர்கீஸ் வந்து கதவைத் தட்டியதால் விட்டான்.

இது முதல் தடவை இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் காது வீங்கியிருந்ததைப் பார்த்து, "ரொனால்டா?" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். தலையாட்டினேன். நீங்கள் குடில் விளக்கைச் சரிசெய்யப் போய்விட்டீர்கள். அம்மாதான் உப்பு ஒத்தடம் கொடுத்தாள். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று அன்று முழுவதும் காத்திருந்தேன் அப்பா.

பெண்கள் புகார்க் குழு விசாரிக்கப் போகிறது. முன்பு அடித்த காயத்தை வீட்டில் யாராவது பார்த்தார்களா என்று கேட்கிறார்கள். நீங்கள் வந்து சொல்ல வேண்டும்.

உங்கள் அன்பு மகள்
லிடியா

*

இயேசு மரி சூசை துணை

ரெட்டியார்சத்திரம்
28.1.2003

அன்பு மகள் லிடியாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கு அனைவரும் சுகம். தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது, விலைதான் இல்லை.

உன் கடிதம் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவ்வளவு படித்த பிள்ளை, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிக் கொடுக்கலாமா? சம்பந்தி ஸ்டீபன்ராஜ் வந்திருந்தார். பங்குப் பேரவையில் இருக்கிற மனிதர், நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண் கலங்கினார். "பய ஆத்திரக்காரன், மனசுல ஒண்ணுமில்ல உபதேசியாரே. கல்யாணம் ஆயிட்டா சரியாயிருவான்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

மார்ச் ஐந்து சாம்பல் புதன். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. ஆகவே பிப்ரவரி 24 என்று முடிவு செய்துவிட்டோம். வருகிற ஞாயிறு பூசையில் முதல் கல்யாண ஓலையை வாசித்து அறிவிக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓலை வாசித்த கோயில் உபதேசியார் நான், சொந்த மகளுக்கு வாசிக்கப் போகிறேன். ஓலை எழுத நீ நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்றார் பங்குச் சாமியார். உனக்குப் பரீட்சை என்று சொல்லி நானே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

புகாரை வாபஸ் வாங்கிவிட்டு வா. அம்மா உன் ரவிக்கை அளவு கேட்கிறாள்.

அன்புள்ள அப்பா
ஆரோக்கியதாஸ்

*

விடுதி
6.2.2003

அப்பா,

ரவிக்கை அளவா? கழுத்தில் அவன் விரல் பதிந்த இடம் இன்னும் கறுத்துக் கிடக்கிறது, அதற்கு அளவு வேண்டுமா?

நேற்று குழு கூடியது. ரொனால்டு நீங்கள் வாசித்த ஓலையின் நகலை எடுத்து மேசையில் வைத்தான். பங்கு முத்திரை, கீழே உங்கள் கையெழுத்து. தலைவர் அம்மா அதைப் படித்துவிட்டு, "கல்யாணமே அறிவிச்சாச்சே. இனி இது உங்க குடும்ப விஷயம்மா" என்றார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சாட்சி சொல்லக் கூப்பிட்ட மனிதர், அவனுக்குச் சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறார்!

ஓலையை எதற்கு மூன்று ஞாயிறு ஊரறிய வாசிக்கிறீர்கள்? இந்தக் கல்யாணம் ஏன் கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்வதற்குத்தானே? "இத்திருமணத்திற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள், பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." உங்கள் குரலில் கேட்டுக் கேட்டு, மரப்பாச்சிக்குக் கல்யாணம் செய்யும்போது கூட அந்த வரியைச் சொல்லாமல் விட்டதில்லை நான்.

தடை உங்களுக்குத் தெரியும். அடுத்த ஓலையை வாசிக்காதீர்கள். சாமியாரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

லிடியா

*

இயேசு மரி சூசை துணை

ரெட்டியார்சத்திரம்
11.2.2003

லிடியாவுக்கு,

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. கோயிலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தடை என்றால் என்னவென்று நீ எனக்குப் பாடம் நடத்த வேண்டாம். ஏற்கெனவே தாலி கட்டியவனா, ரத்த உறவா, அதெல்லாம்தான் தடை. கை நீட்டியது தடை என்றால் இந்த ஊரில் பாதிக் கல்யாணம் நடந்திருக்காது. உன் அம்மா என்னிடம் வாங்காத அடியா? அவள் யாரிடம் போய் எழுதிக் கொடுத்தாள்? குடும்பம் நடத்தவில்லையா?

பத்திரிகை அச்சாகிவிட்டது. கல்யாணத்துக்கு உனக்கு மாற்றுச் சேலை சின்னாளப்பட்டியில் எடுத்தாயிற்று. இருபதாம் தேதிக்குள் வந்து சேர். என் மானத்தை வாங்காதே.

ஆரோக்கியதாஸ்

*

விடுதி
17.2.2003

உபதேசியார் ஆரோக்கியதாஸ் அவர்களுக்கு,

நேற்று பூசைக்கு நான் வந்ததைப் பார்த்தீர்கள். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தும் கண்டுபிடித்துவிட்டீர்கள். "ஆரோக்கியதாஸ், ரோஸ்மேரி ஆகியோரின் மகள் லிடியாவுக்கும்" என்று வாசிக்கும்போது உங்கள் குரல் தடுக்கியது. தடை பற்றிய வரி வந்ததும் எழுந்து பேச வேண்டும் என்று எனக்கு முன்னால் இருந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

நீங்கள் அந்த வரியை வாசிக்கவில்லை. "இது மூன்றாம் ஓலை" என்று சொல்லித் தாளை மடித்துவிட்டீர்கள்.

இத்தனை வருடத்தில் வேறு யாருக்காவது அந்த வரியை விழுங்கியிருக்கிறீர்களா? ரொனால்டு அடித்தபோது கூட எனக்கு அப்படிக் கோபம் வரவில்லை. அதனால்தான் எழுந்து நின்று நானே அதைச் சொன்னேன், நீங்கள் இழுத்து வாசிக்கிற மாதிரியே. சொல்லிவிட்டு, "எனக்குத் தெரியும் சாமி. நான்தான் பொண்ணு. அவன் என்னைய அடிக்கிறான். எனக்குச் சம்மதமில்ல. ஓலை எழுத நான் வரவுமில்ல" என்றேன்.

ஸ்டீபன்ராஜ், "பிள்ளைய உக்காரச் சொல்லும் உபதேசியாரே" என்று கத்தினார். நீங்களும், "உக்காருடி கழுத" என்றீர்கள். அத்தனை சனத்துக்கு முன்னால் மைக்கில் சொன்னீர்கள்.

அப்போதுதான் அம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து, மூட்டைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். உங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பெண்ணுக்குச் சம்மதம் இல்லாததே தடைதான் என்று சாமியார் எல்லோர் முன்னாலும் சொல்லி, ஓலையை ரத்து செய்து எழுதிக் கொடுத்தார். இன்று காலை அதைக் குழுவில் கொடுத்துவிட்டேன். இனியும் குடும்ப விஷயம் என்று சொல்ல அவர்களுக்கு வழியில்லை. வியாழக்கிழமை மறுபடி விசாரணை.

சாட்சிக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். நேற்று கோயில் வாசலில் என்னோடு வந்த நர்கீஸின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாள்: "ஒத்தடம் குடுத்தவ நாந்தான. நான் வந்து சொல்றேன். அந்தச் சின்னாளப்பட்டிச் சேலையைக் கட்டிக்கிட்டு வாரேன்."

புதன்கிழமை காலை அவளை அழைத்துப் போக நர்கீஸும் நானும் வீட்டுக்கு வருகிறோம். நீங்கள் எங்களோடு வர வேண்டாம், எதுவும் பேசவும் வேண்டாம். அம்மா வெளியே வரும்போது வாசலில் தடையாக நிற்காதீர்கள்.

ரோஸ்மேரியின் மகள்
லிடியா