நாலாவது ரீமிக்ஸ்

மார்ச் 4

அன்புள்ள மைனா,

சுகமாகத்தான் இருப்பாய். பிரிந்துபோன புருஷன் எதற்கு எழுதுகிறான் என்று கிழித்துப் போட்டுவிடாதே. விஷயம் நான் இசை போட்டு நீ பாடிய நம் ‘நில்லு’ பாட்டைப் பற்றியது.

பாட்டுக் கம்பெனி அதை மறுபடி வெளியிடுகிறது. இத்தனை வருஷம் கழித்தும் கிளப்புகளில் ஓடுகிற ஹவுஸ் டான்ஸ் பாட்டு, சும்மா விடுவார்களா? புது ஆட்கள் நாலு பேரிடம் கொடுத்து நாலு ரீமிக்ஸ் செய்து, என் சம்மதத்துக்கு அனுப்பியிருந்தார்கள். ஸ்பீக்கர் ரிப்பேரை ஓரமாக வைத்துவிட்டு, கடையை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கேட்டேன். ஒருவன் என் டிரம்மை விரட்டியிருக்கிறான். ஒருத்தி பேஸ் இசையை அடியோடு மாற்றியிருக்கிறாள். மூன்று வரைக்கும் பரவாயில்லை. நாலாவதில் நீ பாடுகிறாய். பழைய டேப் இல்லை. இப்போதைய குரல், அடியில் கொஞ்சம் கரகரப்போடு.

நான் எத்தனை தடவை பாடக் கூப்பிட்டேன்? “தொண்டை போச்சு, என்னை விட்டுடு” என்று சொன்னவள் நீதானே. நாலாவதைச் செய்த அந்தச் சுருட்டைமுடிக்காரன் கேட்டதும் தொண்டை எங்கிருந்து வந்தது?

டொக்கு

மார்ச் 11

அன்புள்ள டொக்கு,

கிழிக்கவில்லை, இரண்டு தடவை படித்தேன்.

சுருட்டைமுடிக்காரர் நான் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரிக்கே வந்தார். பல்வலிக்காரர் என்று நினைத்து டோக்கன் கொடுத்துவிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: “இந்தப் பாட்டோட மிச்சம் எங்கங்க?”

நான் எழுதியது மூன்று சரணம். நீ ‘நில்லு, கொஞ்சம் நில்லு’ என்ற ஒரு வரியை வெட்டியெடுத்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டாய். நல்ல வெட்டுதான், அதனால்தான் பாட்டு ஓடியது. ஆனால் பஸ்ஸில் ஏறினாலும் கடைக்குப் போனாலும் என் குரல் அந்த ஒரு வரியையே கெஞ்சிக்கொண்டிருந்தது. பிறகு நீ கூப்பிட்ட போதெல்லாம் அதையேதான் பாடச் சொன்னாய். என் தொண்டை போனது அதற்கு மட்டும்தான்.

சம்மதம் கொடுத்துவிடு. வேளைக்குச் சாப்பிடு.

மைனா

மார்ச் 15

மைனா,

மூன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன். நாலாவது முடியாது என்று சொல்லிவிட்டேன். “ஏன் சார், அதுதானே நல்லாருக்கு?” என்றாள் கம்பெனிக்காரி. அதனால்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அதில் என் டிரம் வெளியே நின்று யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. நீயும் அவனும் உள்ளே இருக்கிறீர்கள். வயிறு எரிகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

டொக்கு

மார்ச் 20

டொக்கு,

கம்பெனியில் சொன்னார்கள். இசை உன்னுடையது, நான் கெஞ்சப்போவதில்லை. வார்த்தை என்னுடையது. அதை மேடையில் பாட யார் கையெழுத்தும் வேண்டாமாம், விசாரித்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் பழைய மரக் கிடங்கில் சுருட்டைமுடிக்காரருடைய நிகழ்ச்சி. நான் பாடுகிறேன்.

சொல்லாமல் செய்துவிட்டாள் என்று நீ நினைக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதினேன்.

மைனா

ஏப்ரல் 1

மைனா,

வந்திருந்தேன். ஸ்பீக்கர் அடுக்குக்குப் பின்னால் நின்றதால் நீ பார்த்திருக்க மாட்டாய். ஆட வந்த கூட்டம் முதல் சரணத்துக்கு அசையாமல் நின்றது. சொதப்பிவிட்டாய் என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். பிறகு சுருட்டைமுடிக்காரன் டிரம்மை மெல்ல உள்ளே விட்டான். மொத்தக் கூட்டமும் ஒரே ஆளாக ஆட ஆரம்பித்தது. நடுவில் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து உன்னிடம் நீட்டினான். நீயும் அவன் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் குடித்தாய், ரொம்ப நாள் பழக்கம் மாதிரி. பாட்டு முடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன்.

நேற்று நாலாவதற்கும் கையெழுத்துப் போட்டேன். பெருந்தன்மை என்று எண்ணாதே. நான் தடுத்தாலும் நீ பாடத்தான் போகிறாய்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். மூன்றாம் சரணத்தில் ஒருத்தன் கோபித்துக்கொண்டு கிளம்பி, வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் போகாமலே நிற்கிறானே, அவன் யார்? சுருட்டைமுடிக்காரனா?

டொக்கு

ஏப்ரல் 6

அன்புள்ள டொக்கு,

கையெழுத்துக்கு நன்றி.

அது நீதான். பாட்டை உனக்கு முதன்முதலாகப் பாடிக் காட்டியபோது, முதல் சரணத்திலேயே “போதும், கிடைச்சிருச்சு” என்று டேப்பை நிறுத்திவிட்டாய். உன் இடம் வரும்வரை நீ கேட்கவே இல்லை.

சனிக்கிழமை பாடும்போது யார் முகமும் என் நினைவுக்கு வரவில்லை. உன்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. உன்மேல் கோபமாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், அதுவும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மைனா