வாசல் பானை

ஜூன் 9, திங்கள்
நகரத்தின் மேற்குக் கோடி லைங் தாயாவில் பேதி பரவுகிறதாம். மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், ராணுவச் சாவடியில் பெட்டியைத் திறந்து வெயிலில் போட்டுவிடுகிறார்கள். கிளினிக்கில் டாக்டரம்மா எங்கள் நர்சுகள் கையில் சிறு குப்பிகளைக் கொடுத்தார். தண்ணீரை ஊற்றி ஒரு நாள் வைத்தால் போதும். மலம் கலந்திருந்தால் கறுத்துவிடும். கரண்டு வேண்டாம், யார் தயவும் வேண்டாம். தாமுவே பேட்டையில் எங்கள் தெரு என் பொறுப்பு.

ஜூன் 10
வழிப்போக்கருக்காக வாசலில் தண்ணீர்ப் பானை வைப்பது பர்மாவில் ஒரு புண்ணியம். ஊருக்கெல்லாம் ஒரே குவளை. தெருப் பானை எல்லாவற்றிலும் தண்ணீர் எடுத்தேன், எங்கள் பானையைத் தவிர. அது எங்கள் மகன் உதயனுக்கான நேர்ச்சை. பிள்ளையைப் பட்டாளத்துக்குப் பிடித்துப்போன மறுநாள், என் வீட்டுக்காரர் பானைக்குப் பேர்போன த்வாண்டே போய் வாங்கிவந்தது. அவன் திரும்பும்வரை வற்றக்கூடாதென்று தினமும் நிரப்புகிறார். அதையா சந்தேகப்படுவது?

ஜூன் 12
எதிர்வீட்டு அப்துல் பாரி அண்ணனுக்கு விடியலிலிருந்து பேதி. பள்ளிவாசலுக்குப் போகும்போது எங்கள் பானையில்தான் ஒரு குவளை குடிப்பார். குப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

ஜூன் 13
கறுத்துவிட்டது.
கரண்டு இல்லாமல் குழாய் வராத நாளில் இவர் பின்தெருக் கிணற்றில் இறைத்து ஊற்றியிருக்கிறார். அதை ஒட்டித்தான் கக்கூஸ்.
"வத்தக்கூடாதுன்னுதானே பாமா ஊத்துனேன்?"
கவிழ்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "அதத் தொட்டே, புள்ள வரமாட்டான்."
"நான் பெறலயா அவன?" கத்திவிட்டேன். "அவன் இப்ப எந்த ஊர்ல, எவன் வச்ச பானையில மொண்டு குடிக்கிறானோ! அங்கயும் ஒருத்தன் இப்படி அடம்புடிச்சா?"
கையை விட்டார். அவரே கவிழ்த்தார்.

ஜூன் 14
பாரி அண்ணன் போய்விட்டார். சலைன் லாரி வழியிலேயே நிற்கிறது. இவர் அடக்கம் செய்யும் மையவாடிவரை கூடவே நடந்துவிட்டு வந்தார். சோறு வேண்டாம் என்றார்.

ஜூன் 17
அண்ணன் மனைவி ஹமீதுன்னிசாவிடம் போய்ச் சொன்னேன், எங்கள் பானைத் தண்ணீர்தான் என்று. விதவை வீட்டோடு இருக்கும் இத்தா முடியும்வரை, நாலு மாசத்துக்கு மேல், அவள் வெளியே வரமாட்டாள். சொல்லாமல் எதிர்வீட்டில் எப்படி இருப்பேன்? முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை 20
பானை மறுபடி வாசலில். மூடி போட்டு, குளோரின் போட்டு. குவளை கிடையாது. இவரே பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குவைத்த செம்பில் உயரத் தூக்கி ஊற்றுகிறார். அண்ணாந்து குடித்துப் பழகாத பர்மாக்காரர்கள் சட்டையை நனைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இவர் சிரிப்பதில்லை. மற்ற வாசல்களிலும் இப்போது குவளை இல்லை.

அக்டோபர் 24
உதயனைப் பற்றி இன்னும் தகவல் இல்லை.
காலையில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. இத்தா முடிந்திருக்கிறது. ஹமீதுன்னிசா தெருவைத் தாண்டி நேரே பானையிடம் வந்தாள். இவர் எழுந்து நின்றுவிட்டார்.
"மருந்து போட்டிருக்கா, அண்ணே?"
"போட்டிருக்கும்மா."
அண்ணாந்து நின்றாள். இவர் ஊற்றிய தண்ணீர் குறி தவறி அவள் முகமெல்லாம் சிந்தியது.
"பரவால்ல," என்றாள். "ஊத்துங்க."