ஒரோர் என்று கூப்பிட்டார் அப்பா

அன்புள்ள அம்மாடிக்கு,

உன் அப்பா உன் மகளின் பெயரைச் சொல்லிவிட்டார். முழுசாகச் சொன்னார், தெளிவாகச் சொன்னார், நான் இரண்டு காதாலும் கேட்டேன். இதை முதலில் எழுதாமல் நலம் விசாரித்துக்கொண்டே போனால் நீ பாதிக் கடிதம் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், எட்டு மாதக்காரி அப்படி உட்காரக் கூடாது. இனி நலம். இங்கே நாங்கள் இரண்டு பேரும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறோம், என் முழங்காலுக்கும் மாடிப்படிக்கும் மட்டும்தான் தகராறு. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக்குள் இருக்கிற சின்னவளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், கடை ஷட்டரைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் எனக்கு அதே நினைப்புதான். கால் வீக்கம் வடிந்ததா என்று கேட்டிருந்தேன், நீ பதில் சொல்லவே இல்லை.

போன தடவை நீ போனை வைத்த விதம் இன்னும் என் காதில் நிற்கிறது. பெண் குழந்தை என்று தெரிந்துவிட்டது, மாப்பிள்ளையின் பிரெஞ்சு பாஷையில் ஒரோர் என்று பெயர் வைக்கப்போகிறோம் என்று நீ துள்ளிக்கொண்டு சொன்னாய். பக்கத்தில் இருந்த அப்பா ஒரு தடவை வாயைத் திறந்தார், மூடினார், அப்புறம் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நானும் யோசிக்காமல் வேறு பெயர் பார் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வேற பாஷைக்காரர்ங்கிறது அப்பாவுக்கு இன்னும் ஆறல, அதானே என்று கேட்டாய். நான் பதில் தேடுவதற்குள், சரிம்மா, வேற வெக்கிறோம், விடு என்று வைத்துவிட்டாய். இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவளுக்கு ஒன்று தெரியும், விலை கட்டுப்படியாகாமல் கத்திவிட்டுப் போகிறவர் மறுநாள் வந்து நிற்பார், சத்தம் போடாமல் போகிறவர் தெருமுனையைத் தாண்டி அடுத்த கடைக்குப் போய்விடுவார். நீ சத்தம் போடாமல் போனாய். அதுதான் என்னை உலுக்கியது.

என் வியாபாரப் பழக்கமும் இதில் என்னை ஏமாற்றிவிட்டது. உனக்குத் தெரியும், புது நிறத்தில் நூல் வந்தால் நான் அதற்குப் பெயர் வைப்பதில்லை. மேஜை மேல் போட்டுவிட்டு, வருகிறவர்கள் அதை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவர்கள் வாயில் எது வருகிறதோ அதையே பெட்டி மேல் எழுதி ஒட்டுவேன். வாயில் வராத பெயர் அலமாரியை விட்டு இறங்காது என்பது என் முடிவு. அப்பா வாயைத் திறந்து மூடியதைப் பார்த்ததும், சரி, சரக்கு இவருக்குப் பிடிக்கவில்லை என்று கணக்குப் போட்டேன். பிடிக்காமல் மூடுகிற வாய்க்கும் முடியாமல் மூடுகிற வாய்க்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை பார், கூடவே குடித்தனம் நடத்துகிறவளுக்கு.

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த பிறகு அவருக்கு நடை வந்துவிட்டது, கை வந்துவிட்டது, நீயே வந்து பார்த்துவிட்டுத்தான் போனாய். பேச்சும் முக்கால்வாசி திரும்பிவிட்டது. நாக்கு நுனி மட்டும் மேலே எழும்ப மாட்டேன் என்கிறது, ர வர வேண்டிய இடத்தில் ய மாதிரி ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு போய்விடும். அதை அவர் பெரிசாகக் காட்டிக்கொள்வதில்லை, ரவும் றவும் இல்லாத வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவார், சோறு என்பதற்குச் சாப்பாடு என்பார், நேரம் என்பதற்கு மணி என்பார். நான் அதைக் கவனிக்காத மாதிரியே இருந்துவிடுவேன். உன் போன் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, மத்தியானம் கடையிலிருந்து மேலே வீட்டுக்கு வந்தேன், குளியலறையில் குழாய் முழு வேகத்தில் ஓடுகிறது. தண்ணி யார் வீட்டுதுன்னு நெனச்சீங்க என்று கத்திக்கொண்டே கதவைத் தள்ளினேன். வாளி நிரம்பி வழிகிறது, அவர் கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு ஒயோய், ஒயோய் என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார்.

அப்புறம் வழக்கம்போல என்னை முதலாளி என்றே கூப்பிட்டுச் சொன்னார், அவர் சொன்னதை நான் சரிசெய்து எழுதுகிறேன். முதலாளி, நான் பஸ்ஸுல ஊர்ப் பேரெல்லாம் கூவினவன், தூங்குறவன்கூட என் குரல் கேட்டு அவன் ஸ்டாப்புல இறங்கிடுவான், சொந்தப் பேத்தியை ஒயோய்னு கூப்பிட்டா அது யாரையோன்னு நெனச்சுப் போய்க்கிட்டே இருக்காதா, எனக்குக் கூப்பிட வர்ற பேரா ஒண்ணு வெக்கட்டும் என்றார். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். நம்ம பொண்ணுக்குத் தெரிஞ்சா எனக்காகப் பேரை மாத்தும், மாத்திட்டு அழும் என்றார். ஏற்கெனவே மாத்தியாச்சு, ஏற்கெனவே அழுதாச்சு, நீங்க மிச்சம் வெச்சது ஒண்ணும் இல்ல என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். கீழே வந்து நூல் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்றேன், எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆக, கண்ணு, மாப்பிள்ளை மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ மனசில் சுமந்துகொண்டிருக்கிற அந்த மூட்டையை முதலில் இறக்கி வை.

பக்கத்துத் தெருவில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருவர் இருக்கிறார், எம்ப்ராய்டரி நூலுக்கு நம்மிடம்தான் வருவார், ஒவ்வொரு நூல்கண்டையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைசியில் ஒரு கண்டு வாங்கி அதற்கும் விலை குறைக்கச் சொல்வார். நான் அவரைக் கண்டாலே முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வேன். அந்த வாரம் அவர் வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க டீச்சர் என்றேன், அவர் பயந்தே போய்விட்டார். அக்கா, நான் ஏதும் பாக்கி வெச்சிருக்கேனா என்கிறார். இல்ல, ஒரு பேர் விசாரிக்கணும் என்று ஒரோர் என்றால் என்ன என்று கேட்டேன். விடியற்காலைக்கா, கிழக்கு சிவந்து வருதே, அது என்றார். லத்தீன் பாஷையில் அவுரோரா என்ற சொல்லிலிருந்து வந்ததாம், பழைய ரோமாபுரிக்காரர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு தேவதை இருந்தாளாம், தினமும் சூரியனுக்கு முன்னால் போய் வழி திறந்துவிடுவது அவள் வேலையாம். இன்னொன்று சொன்னார், நம் பக்கம் உஷா என்று வைக்கிறோமே, சமஸ்கிருதத்திலிருந்து வந்த பெயர், அந்த உஷாவுக்கும் இந்த ஒரோருக்கும் ஆதி வேர் ஒன்றுதானாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இறக்குமதிச் சரக்கு என்று நினைத்து மிரண்டோம், கடைசியில் பார்த்தால் ஒரே மில் நூல், லேபிள்தான் வேறு. நீ இருக்கிற இடத்தில் குளிர்காலத்தில் வெளிச்சம் ரொம்பத் தாமதமாக வருகிறது, அதற்காக ஜன்னலிலேயே நின்று காத்திருப்பேன் என்று ஒரு தடவை சொன்னாயே, இந்தப் பெயரை எதற்கு எடுத்தாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாய் சும்மா இருக்காமல் அப்பா விஷயத்தையும் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அவர் நூலை மேஜையில் வைத்துவிட்டு, சார் மேலதானே இருக்காரு, வாங்க என்று எனக்கு முன்னால் படி ஏறினார்.

அங்கே அவர் சொன்னதை எழுதுகிறேன், நீயும் மாப்பிள்ளையிடம் கேட்டுப் பார். சார், இந்த ர நாக்குல இல்ல, தொண்டையில இருக்கு, தண்ணிய விட்டுத் தொண்டையில கொப்பளிக்கிறதா நெனச்சுக்குங்க, நாக்கு நுனி கீழ்ப்பல்லுக்குப் பின்னாடி படுத்துத் தூங்கட்டும், இந்தப் பேருல அதுக்கு வேலையே கிடையாது என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது. கடைசி வண்டியும் போய்விட்டது என்று நிற்கிறவனிடம், இன்னொரு வண்டி இருக்கு, வேற ரோட்டுல வருது என்று சொன்னால் எப்படிப் பார்ப்பானோ அப்படி. எழும்ப மாட்டாமல் படுத்த அந்த நாக்கு எங்களை எத்தனை பாடு படுத்தியது, அது எழுந்திருக்கவே தேவையில்லாத பெயரை நீ தேடிப் பிடித்திருக்கிறாய், அதைத்தான் நான் வேண்டாம் என்று சொன்னேன்.

ஒரே நாளில் வந்துவிடவில்லை. பெயரில் இரண்டு ர இருக்கிறது, முதலில் கடைசி ர, அப்புறம் நடு ர என்று டீச்சர் பிரித்துக்கொண்டார். பெயர் மாதிரியே ஒரே ஓசையில் முடிகிற சொற்களாகக் கொடுத்து உருட்டச் சொன்னார். ஓர் என்றால் தங்கம். தோர் என்றால் தூங்குகிறாள். தெஓர் என்றால் வெளியே. ஆங்கோர் என்றால் இன்னொரு தடவை. போர் என்றால் துறைமுகமாம், நமக்குச் சண்டை. ஒரு சொல்லில் மட்டும் டீச்சர் தயங்கி அடுத்ததற்குத் தாவினார், அப்பா விடவில்லை, நடுவுல ஒண்ணை முழுங்கிட்டீங்களே என்றார். மோர் என்று ஒரு சொல் இருக்கு சார், சாவுன்னு அர்த்தம், வேணாமேன்னு பார்த்தேன் என்றார் டீச்சர். நாங்க குடிக்கிறதுதானே அது, கொடுங்க, நான் அந்தப் பக்கம் எட்டிப் பாத்துட்டு வந்தவன் என்று அதையும் வாங்கி வரிசையில் சேர்த்துக்கொண்டார். இப்போது ரொம்ப நன்றாக வருவது அதுதான்.

மத்தியானம் கடையில் ஆள் இருக்காது. நான் கல்லாவில் கன்னத்தில் கை வைத்துக் கண் சொக்கி உட்கார்ந்திருப்பேன், மேலேயிருந்து அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் படி இறங்கி வரும். கண்ணாடிக் கதவு வழியாக வெயில் வந்து நூல் உருண்டைகள் மேல் விழுந்து, மஞ்சள் கொஞ்சம் சிவப்பில் கரைந்து, சிவப்பு கொஞ்சம் நீலத்தில் கரைந்து, எது எந்த அலமாரி என்றே தெரியாமல் கிடக்கும். தங்கம் என்று கேட்கும்போது ஒரு சின்னக் காதில் பொட்டு மாதிரி ஏதோ மினுங்கும். தூங்குகிறாள் என்று கேட்கும், அந்த வெள்ளைப் பஞ்சு நூல் மூட்டைக்கு மேல் நம் சின்னவள் ஒருக்களித்துத் தூங்குவாள், வாயோரம் எச்சில். வெளியே என்று கேட்கும், எழுந்து வாசல் வரைக்கும் போய்விடுவாள், தெரு வெளிச்சத்தில் முகம் தெரியாது, முடி மட்டும் தெரியும், உன் முடியா மாப்பிள்ளை முடியா என்று நான் கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். இன்னொரு தடவை என்று கேட்கும், திரும்பி ஓடி வருவாள். அந்தத் துறைமுகத்துக்கும் ஒரு நாள் போனேன், கப்பல் முழுக்க நூல். பில் போடுகிற பையன் ஒரு நாள் என்னைத் தட்டி எழுப்பி, அக்கா, சார் மேல ரொம்ப நேரமா கொப்பளிச்சுக்கிட்டே இருக்காரு, தொண்டை புண்ணா, டாக்டரைக் கூப்பிடவா என்கிறான். புண்ணு இல்லடா, பேத்தி என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, உங்க வீட்டுல எல்லாருமே ஒரு மாதிரி ஆயிட்டீங்க என்று முணுமுணுத்துக்கொண்டு போனான்.

நேற்றுக் காலையில் நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு வேன் வந்தது, இருட்டு விலகிக்கொண்டிருந்தது, எதிர் வீட்டுச் சுவரில் அப்போதுதான் நிறம் ஏறுகிறது. நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். மேலே ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரோர் என்று ஒரு குரல். பழைய கண்டக்டர் குரல், அம்மாடி, கடைசி சீட்டு வரைக்கும் போகிற குரல், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் வரைக்கும் இந்த வீட்டில் இருந்த குரல். வேன் டிரைவர் மூட்டையைத் தோளில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தான், யாரைக்கா கூப்பிடுறாரு என்றான். எங்க பேத்தியை என்றேன். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எங்கக்கா, ஆளையே காணோம் என்றான். வந்துகிட்டிருக்கா என்றேன். அவன் மூட்டையை இறக்காமல் கொஞ்ச நேரம் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார், பழுதில்லை. காபி குடிக்க மேலே போனேன், என்னைப் பார்த்து சீக்கியம் வா என்கிறார், தமிழ் ர இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மற்றபடி உனக்குச் சொல்ல ஒன்றிரண்டு இருக்கிறது. பஸ்ஸில் இடம் இல்லையென்றால் அடுத்த பஸ்ஸுக்கு நில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகாதே. படுக்கும்போது இடப் பக்கமாகப் படு. ஆபீசில் எல்லாவற்றையும் நீயே இழுத்துப் போட்டுச் செய்கிற புத்தி என்னிடமிருந்து வந்தது, அதில் லாபம் இல்லை, நான் பார்த்துவிட்டேன். தோலில் உறுத்தாத பஞ்சு நூலில் தொப்பியும் காலுறையும் பின்னக் கொடுத்திருக்கிறேன், டீச்சர்தான் பின்னுகிறார், நிறத்தை அவரே பொறுக்கினார், நானும் விலை பேசவில்லை. நீ இதற்குள் வேறு ஏதாவது பெயரை முடிவு பண்ணியிருந்தால் அதை அழித்துவிடு, மாப்பிள்ளையிடமும் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல். தாயும் பிள்ளையுமாகப் பிரிந்து எழுந்து, நூறு வருஷம் நீங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும், இது என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும் இதுதான், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மறக்காமல் பதில் போடு, ஏனென்றால் நேற்று நானும் அவரும் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறோம், உன் சம்மதம் மட்டும்தான் பாக்கி. குழந்தைக்கு ஒரோர் என்றே பெயர், சுருக்கக் கூடாது, செல்லமாகக்கூட வெட்டக் கூடாது. பிறந்த அன்றைக்கே போனை அவள் காதுப் பக்கம் வைக்க வேண்டும், முதலில் கூப்பிடுவது அவர், யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது, ர சரியில்லை என்று மாப்பிள்ளை திருத்தவும் கூடாது. பதிலுக்கு அவர் தினமும் பயிற்சியை விடமாட்டார், டாக்டர் சரி என்று சொன்னதும் அடம் பிடிக்காமல் விமானம் ஏறி வருவார். நடுவில் நின்று பேசி முடித்தவளுக்குத் தரகு உண்டு, நாங்கள் வந்து இறங்கியதும் குழந்தையை முதலில் என் கையில் கொடுக்க வேண்டும். பெயர் அவருக்கு, மடி எனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
(அப்பாவும் பக்கத்தில் இருந்து ஒப்புக்கொண்டது)