விசிறிக்கு நான்கு ஸ்குரு

செவ்வாய், இரவு பத்தரை.

போகிக்குத் தூசு தட்ட மனைவி மலரின் கணினி விசிறியைக் கழற்றினேன். அதன் ஸ்குருக்கள் இருந்த டப்பாவைக் குப்பையோடு வீசிவிட்டேன். நாளை அவள் கல்யாண வீடியோவை முடித்துக் கொடுத்தாக வேண்டும். விசிறி இல்லாமல் கணினி சூடேறி அணைந்துவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய ஸ்குரு ஒல்லி, துளையில் பிடிக்கவில்லை. கிள்ளான் கடையிலோ, "இந்த சைஸ் இல்ல அண்ணே."

போகிக்குப் போகி அவள் வீசச் சொல்லியும் நான் பால்கனியில் ஒளித்துவைத்திருந்த பழைய கணினியைத் திறந்தேன். அதன் விசிறியில் நான்கு தடித்த ஸ்குரு. நான்கும் கச்சிதமாக இறங்கின. கணினி மூன்று மணி நேரமாக அணையவில்லை.

"நல்லவேளை, நீங்க அத வீசல லா," என்றாள் மலர். இதைக் கேட்க எத்தனை வருடம் காத்திருந்தேன்.

டப்பா எங்கே என்று அவள் கேட்பதற்குள் தூங்கிவிட வேண்டும்.