கீழ் மூலையில் ஒரு பெயர்

14 ஜூன் 2010, திங்கள்

பேசாமல் இருந்தது போதும். இருபத்தெட்டு வருடம் இருந்தாகிவிட்டது.

நேற்றுப் பூசை முடிந்து வெளியே வந்தால் கையில் எங்கள் கோயிலின் பங்கு மடலைத் திணித்தார்கள். முதல் பக்கத்தில் என் பேதுரு. வலையை உதறிக்கொண்டு நிற்கிற அந்தப் பேதுருவை மூன்று வாரத்துக்கு முன்தான் என் வலைப்பதிவில் போட்டிருந்தேன். கீழ் மூலையில் இருந்த பெயரை வெட்டிவிட்டார்கள். ‘படம்: இணையம்’ என்று அச்சடித்திருக்கிறது. இணையத்துக்குக் கை முளைத்து, மை தொட்டு வரைந்ததாம்.

1982இல் திருவிழா மலரின் அட்டை. 1994இல் வெள்ளிவிழா வளைவு. டிசம்பர் தோறும் கோயில் முகப்பில் தொங்குகிற பதினாறு முனை நட்சத்திரம் — மூங்கிலைக் கீறுவதிலிருந்து தாள் ஒட்டுவது வரை நான் உட்கார்ந்து கண்டுபிடித்த முறை. எதிலும் என் பெயர் இல்லை. பள்ளியில் தலைமையாசிரியர் பெயர்ப் பலகையிலும் இல்லை. அது வேறு கதை.

இனி ஒவ்வொரு படத்திலும் பெரிதாகவே போடுவேன். ஏசுஅடிமை, எம்.ஏ. ஓரத்தில் அல்ல, படத்துக்குள்ளேயே.

19 ஜூன்

ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ். உலகக் கோப்பை. சிலுவை நிற்கிற குருசடி முக்கில் பிரேசில், ஐஸ் பிளாண்ட் பக்கம் அர்ஜென்டினா. தோற்ற அணிக்குக் கேலி ஃப்ளெக்ஸ் வைப்பது இங்கே வழக்கம். பாடை கட்டி, கண்ணீர் அஞ்சலி போட்டு, ஆதரவாளர்களின் படத்தையும் போடுவார்கள். யாரும் கோபிக்கக் கூடாது.

வலைப்பதிவிலும் இப்போது நட்சத்திரச் செய்முறையை வாசிக்க ஆள் இல்லை. பந்துக் கேலிச்சித்திரத்துக்குத்தான் பின்னூட்டம். ‘மீ த ஃபர்ஸ்ட்’ என்று முதல் பின்னூட்டம் போட ஒருவர் தினமும் வருகிறார். படத்தைப் பார்ப்பாரா என்று தெரியாது.

27 ஜூன், ஞாயிறு

தங்கை குளோரி குழம்பு கொண்டுவந்தாள். ஞாயிறு தோறும் கொண்டுவருவாள். தனியாளாக இருக்கிற அண்ணன் சமைக்க மாட்டான் என்று.

“மீன் ஒண்ணும் படல்ல அண்ணேன். நெத்திலிதான். ஒங்க மச்சானுக்குக் கடல் நெனப்பே இல்ல. கப்பு, கப்புன்னு கெடக்காரு.”

அவள் கணவர் சிலுவைமுத்து ஐம்பத்து நான்கு வயதில் ஊரின் பெரிய அர்ஜென்டினாக்காரர். வள்ளத்துக்கு நீலமும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருக்கிறார். ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கேட்டால், “அது அவனுக்குத் தெரியும் மச்சான்” என்பார்.

அவன் என்றால் லிஜின், அவர்கள் மகன். 2004 டிசம்பர் 26 காலையில் மணலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். பிளஸ் டூ. உடல் கிடைக்கவில்லை. அடுத்த உலகக் கோப்பைக்கு முந்தின வாரம் மச்சான் வள்ளத்துக்குச் சாயம் அடித்தார்.

4 ஜூலை, ஞாயிறு

நேற்று அர்ஜென்டினா வாங்கியது நாலு கோல். இளைஞர் மன்றத்து டிவி முன்னால், நாலாவது விழுந்ததும் மச்சான் துவர்த்துத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். முந்தின நாள் தோற்றுப்போன பிரேசில் பயல்களுக்கு உயிர் வந்துவிட்டது. “மாமா, வள்ளத்த வித்துட்டுப் போயி பந்து வேண்டிக் குடும்!”

காலையில் உட்கார்ந்தேன். ஒரே மூச்சில் வந்தது. மச்சானின் இரண்டு கண்ணிலிருந்தும் குழாய்போலக் கண்ணீர். அது ஏறி ஏறி அவர் கழுத்தளவு நிற்கிறது. பின்னால் வள்ளம் தானாக மிதக்கிறது. ‘வள்ளம் இறக்க அலை வேண்டாம், மச்சான் அழுதால் போதும்.’ பெயரைத் தண்ணீருக்குள்ளேயே எழுதினேன்.

மதியத்துக்குள் நாற்பது பின்னூட்டம். நாலு வருடத்தில் இதுதான் அதிகம்.

7 ஜூலை

குருசடி முக்கில் பதினைந்து அடி ஃப்ளெக்ஸ். என் படம்.

பெயர் இல்லை. கணினியில் நீலத்தை இழுத்து மூடியிருக்கிறார்கள். பங்கு மடல்காரர்களாவது கத்தரித்தார்கள். இவர்கள் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டார்கள்.

8 ஜூலை

மன்றத்துச் செயலாளர் பிரபினைப் பிடித்தேன். என்னிடம் வரலாறு படித்தவன்.

“யாரைக் கேட்டு எடுத்தாய்?”

“கேக்கல்ல சாரே. தப்புதான்.”

“பெயரை ஏன் அழித்தாய்?”

காலால் மணலைக் கிளறினான். “பேரு வேண்டாம் சாரே. செல்லுதத கேளுங்க. நாளைக்கு அவுத்திருவோம்.”

“அவிழ்க்க வேண்டாம். பெயர் போடு.”

“குளோரியக்கா இப்ப அந்த வழியா வாறதில்ல. ரோட்டச் சுத்திப் போறாங்க.”

தோற்றவர்களுக்கு ரோஷம் இருக்கும்தான். அதற்கு என் பெயர் என்ன செய்தது? என் பெயர் வெளியே தெரிவதில் இந்த ஊருக்கு அப்படி என்ன எரிச்சல்?

9 ஜூலை, வெள்ளி

எழுதிவிட வேண்டும்.

காலைப் பூசை முடிந்ததும் ஏணியும் கறுப்பு எனாமலும் எடுத்துக்கொண்டு போனேன். ஏறி, வலது கீழ் மூலையில் ஒரு முழ உயரத்துக்கு எழுதினேன். ஏசுஅடிமை, எம்.ஏ. நாலைந்து பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

இறங்கும்போது குளோரி நின்றாள். மீன் சருவம் இடுப்பில். அவசரத்துக்கு இந்த வழியாக வந்திருப்பாள்.

“நீயா அண்ணேன் வரஞ்ச?”

“பின்னே? இந்த ஊரில் வேறு யாருக்கு இப்படி வரும்?”

சொன்னேன். அந்தச் சொற்களைத்தான் சொன்னேன்.

அவள் ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

“தண்ணிய ஏன் கழுத்தோட நிறுத்துன? மூக்குக்கு மேல ஏத்தியிருக்கலாமே.”

போய்விட்டாள்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. தூரிகையைத் துடைத்து, டப்பாவை மூடி, ஏணியைத் தோளில் வைத்த பிறகுதான் புரிந்தது.

எனக்குத் தெரியாதா? லிஜினைத் தேடி மூன்று நாளும் அவளோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவன் நான்தானே. ஒவ்வொரு துணியையும் விலக்கிப் பார்த்துவிட்டு, “இல்லை” என்று அவளிடம் சொன்னவன். பிறகு எப்படி கை அதை வரைந்தது? கேலிப்படத்தில் கண்ணீரை அப்படித்தான் வரைவார்கள். நான் அதைக் கண்ணீர் என்றே நினைத்து வரைந்தேன்.

பிரபின் பெயரை மூடியது எனக்காகவா, அவளுக்காகவா?

10 ஜூலை

அவிழ்த்துவிட்டார்கள். எனாமல் காயவில்லை, பிரபினின் சட்டையெல்லாம் கறுப்பு.

11 ஜூலை, ஞாயிறு

குழம்பு வரவில்லை.

18 ஜூலை, ஞாயிறு

வரவில்லை. மனதில் ஏதாவது தோன்ற வேண்டும். தோன்றவில்லை. மதியம் ரொட்டி.

2 ஆகஸ்ட்

கடற்கரையில் மச்சானைப் பார்த்தேன். வள்ளம் முழுக்கச் சாம்பல் நிறச் சாயம்.

“என்ன மச்சான் இது?”

“பழசு வெயிலுக்கு உரிஞ்சு போச்சு. அதான்.” வலையை இழுத்து மடியில் போட்டார். “நீ வரஞ்சது நல்லாத்தான் இருந்து. நானும் சிரிச்சேன். அவளுக்குத்தான்...” வலையைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். திட்டியிருக்கலாம்.

19 ஆகஸ்ட்

பதிவை குளோரி கேட்ட அன்றே அழித்துவிட்டேன். பயனில்லை. மின்னஞ்சலில் சுற்றுகிறது. துபாயிலிருக்கிற பழைய மாணவன் எனக்கே அனுப்பியிருக்கிறான், ‘சார், கலக்கிட்டீங்க’ என்று. வேறு மூன்று தளங்களிலும் கிடக்கிறது. மூன்றிலும் என் பெயர், பட்டத்தோடு, ஒரு எழுத்து குறையாமல்.

பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். பதில் இல்லை.

5 அக்டோபர்

அவள் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே விளக்கு எரிந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

எனக்கும் அவள் மேல் வருத்தங்கள் உண்டு. இப்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

20 டிசம்பர்

பள்ளி விடுமுறை. பிரபின் வந்தான். ஒரு பிளாஸ்டிக் பை நிறையப் புகைப்படங்கள். ஊரில் ஸ்கேனர் என்னிடம்தான் இருக்கிறது. சுனாமியில் இறந்த இருபத்து மூன்று பேரின் படங்களையும் மன்றத்து வலைப்பதிவில் ஏற்ற வேண்டுமாம், வெளிநாட்டில் இருப்பவர்கள் பார்ப்பதற்கு. அதிலிருந்தே எடுத்து அச்சடித்து 26ஆம் தேதி கல்லறைத் தோட்டத்தில் வைப்பார்கள்.

“யாரு அனுப்புனாங்கன்னு ஒரு கட்டம் இருக்கு சாரே. அந்தந்த வீட்டுக்காரங்க பேரப் போடுங்க.”

எண்ணினேன். இருபத்து இரண்டு. லிஜின் இல்லை. அவர்கள் வீட்டில் சுவர்கூட மிஞ்சவில்லை, ஆல்பம் எங்கே மிஞ்சும்? வருடா வருடம் அவன் இடத்தில் ஒரு சிலுவை அடையாளம் போடுவார்கள். நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

21 டிசம்பர்

பள்ளிக் குழுப்படத்தில் அவன் மூன்றாவது வரிசை. முன்னால் நிற்பவன் பாதி முகத்தை மறைக்கிறான்.

மீதியை நினைவிலிருந்து வரைந்தேன். தோள்வரை மட்டும், பின்னால் வெறும் வெள்ளை. காலையிலிருந்து ஆறு தாள். அவன் சிரிப்பு தாளில் வந்துவிட்டது. ஆனால் நெற்றியில் ஒரு தழும்பு உண்டே, கோல் கம்பத்துக்கு நட்ட கழியில் முட்டியது — இடதா, வலதா?

தாய்மாமன். தெரியவில்லை.

22 டிசம்பர்

கடற்கரைக்குப் போய் மச்சானிடம் கேட்டேன். கையிலிருந்த தாளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை, கை ஈரம்.

“எனக்கும் ஓர்ம இல்ல மச்சான்,” என்றார். “பெத்தவனுக்கே ஓர்ம இல்ல, பாத்தியா.” பிறகு, “அவகிட்ட கேட்டுச் செல்லுதேன்.”

23 டிசம்பர்

மச்சான் வீட்டுக்கு வந்தார். ஜூலைக்குப் பிறகு முதல் தடவை. உட்காரவில்லை.

“வலது. புருவத்துக்கு மேல ரெண்டு வெரல் தள்ளி. அவளே தொட்டுக் காட்டுனா.”

“யார் கேட்டதாகச் சொன்னீர்கள்?”

“பிரபின் யாரோ டவுண்காரன வச்சு வரையுதான்னு சொன்னேன்.” அவர் என்னைப் பார்க்கவில்லை. “அப்பிடியே இருக்கட்டு மச்சான். நீன்னு தெரிஞ்சா அவ அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கமாட்டா. பாக்கட்டு. ஆறு வருசம் ஆச்சு.”

அவர் போனபின் தழும்பை வரைந்தேன். இரண்டு கோடுதான். அவன் வந்துவிட்டான்.

இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். பங்கு மடல்காரர்களை நான் மன்னிக்கவில்லை.

பழக்கத்தில் பேனா கீழ் மூலைக்குப் போய் ‘ஏ’ போட்டுவிட்டது. வெள்ளை மை தடவி, காயவைத்து, ஸ்கேன் செய்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை.

யார் அனுப்பியது என்ற கட்டத்தைக் காலியாக விட்டு ஏற்றுகிறேன்.